புரட்டாசியில் அய்யூர்க் காடு

அக்டோபர் 2, வியாழன்: ராயக்கோட்டை

ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் தருமபுரியிலிருந்து பாலக்கோடு வரைக்கும் சாலையெல்லாம் கிடந்தது. பட்டறை வாசல், லாரி ஷெட், பஞ்சர் கடை என்று எங்கு பார்த்தாலும் குங்குமம் கலந்த சதை. இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் காலை ஊன்றி ஊன்றிப் போனார்கள். பாலக்கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு பெரியம்மா தனியாக நின்று, விளக்குமாறும் முறமும் வைத்து அதையெல்லாம் புளியமரத்து ஓரத்துக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். காரை மெதுவாக்கி என் கணவர் கும்பிட்டார். "பாத்துப் போங்க, அந்தப் பக்கமும் கெடக்குது" என்று கையைக் காட்டிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார்.

பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. கூடவே மாமாவும் வந்திருக்கிறார், என் கணவரின் அப்பா. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். தருமபுரி, ராயக்கோட்டை, ஓசூர், தேன்கனிக்கோட்டை என்று இந்தச் சாலைகளிலேயே வேலைக்காலம் முழுக்க ஓடியவர். "அந்த மலைங்கள பஸ்ஸுக்குள்ள இருந்துதாம்மா பாத்திருக்கேன். எறங்கி ஒரு நாளும் நடந்ததில்ல" என்று அவர் சொன்னதிலிருந்துதான் இந்தப் பயணம் உருவானது.

ராயக்கோட்டை மலையை ஓசூர் ரயிலில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறோம். கோட்டை இப்போது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. படிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் வெயில் கடுமை. வழியில் துர்வாசர் தவம் செய்ததாகச் சொல்லும் குகை வருகிறது. மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மடியிலிருந்த நிப்பட்டுப் பொட்டலத்தை ஒரு குரங்கு சாவகாசமாக எடுத்துக்கொண்டு போனதாம். நிப்பட்டு என்றால் ஓசூர்ப் பக்கத்துத் தட்டை, வேர்க்கடலை தூக்கலாகப் போட்டது. எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மேலே ஏறினால் காற்று. சிதைந்த மதில், செங்கல் கட்டடங்கள், பாசி பிடித்த சுனைகள். 1791 ஜூலையில் மேஜர் கௌடி தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்த கோட்டை இது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையையும் தாக்கினார்கள், ஆனால் அங்கே மலையுச்சியைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்று அழைத்த இந்தப் பகுதி முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. மகளுக்குப் பாடத்தில் இந்தப் போர் ஒரு வரியாக வருகிறதாம். மதிலில் கையை வைத்துக்கொண்டு, "இங்கயிருந்து கல்ல உருட்டுனாலே போதுமேம்மா, எப்பிடிப் புடிச்சாங்க?" என்று கேட்டாள். கீழே தக்காளித் தோட்டமும் சாமந்தி மஞ்சளும் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. எவன் எந்தப் பாதையில் வந்தாலும் இங்கிருந்து தெரியும். அவள் கேள்வி நியாயமான கேள்வி.

ஒரு விஷயம் மனதை அறுத்தது. சுனை ஓரத்தில், நிழல் உள்ள ஒரே இடத்தில், மது பாட்டில்களை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். உட்காரவே முடியவில்லை. இந்தக் கோட்டைக்குப் பகலில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். நானும் மகளும் கைக்கு எட்டிய கண்ணாடியை ஒரு பையில் பொறுக்கிக் கீழே கொண்டுவந்தோம். ஒரு மூலை மட்டும்தான் சுத்தமானது.

இறங்கியதும் தக்காளி மண்டிப் பக்கம் போனோம். விஜயதசமி என்று பாதிக் கடை மூடியிருந்தது. வண்டியில் கிரேட்டுகளோடு காத்திருந்த ஒரு விவசாயி, விலையைக் கேட்டதும் "கிலோ பத்துக்குக் கேக்கறாங்க, பறிப்புக் கூலிக்கே பத்தாது" என்றார். அப்படிச் சொன்னவர்தான் மகன் கையில் இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை. "கொழந்தைக்குக் குடுத்ததுக்கா?" என்றார்.

இரவு தேன்கனிக்கோட்டை. குளிர் இப்போதே தொடங்கிவிட்டது. விடுதியில் வெந்நீர் உண்டு என்றார்கள். காலையில் ஒரு பையன் வாளியில் கொண்டுவந்து வைத்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். அடுப்பில் காய்ச்சிய வெந்நீர், புகை வாசத்தோடு. எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி: அய்யூர் சாலை

காலையில் தட்டு இட்லி, வடை, காப்பி. ஐந்து பேருக்கு 340 ரூபாய். பரிமாறியவர் ஒரு மேஜைக்குத் தெலுங்கு, ஒரு மேஜைக்குக் கன்னடம், எங்களுக்குத் தமிழ். மாமா தெலுங்கில் ஏதோ கேட்டார். அதன் பிறகு எங்கள் மேஜைக்குச் சட்னி குறையவே இல்லை. வீட்டில் வாய் திறக்காத மனிதர், இந்த ஊரில் இறங்கியதிலிருந்து யாரோடாவது பேசிக்கொண்டே இருக்கிறார்.

அய்யூர் போகும் சாலையில் பனி. மூங்கில் புதர் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கிறது. ஒரு வளைவில் பாட்டி ஒருவர் சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கூடை நூறு ரூபாய். பழத்தைப் பையில் போடும்போது ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, "இது இன்னிக்கி, இது நாளைக்கி, இதெல்லாம் நாளான்னிக்கி" என்று மூன்றாகப் பிரித்து, துணி கிழித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நகரத்தில் எந்தக் கடையிலும் எனக்கு இப்படி யாரும் பழம் விற்றதில்லை.

தண்ணீர் தீர்ந்திருந்தது. சாலையோரம் இருந்த ஓட்டு வீட்டில் மாமா போய்க் கன்னடத்தில் கேட்டார். வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, "பன்னி, கூத்கொள்ளி" (வாங்க, உட்காருங்க) என்று திண்ணையைக் கையால் தட்டிக் காட்டினார். தண்ணீர் வந்தது. பிறகு மோர் வந்தது. மணி பன்னிரண்டு ஆனதும், சாப்பிடாமல் போகக் கூடாது என்று தமிழில் சொன்னார். சூடான ராகி களி, உருண்டை பெரிது. அவரைக்கொட்டை போட்ட சாறு, பச்சை மிளகாயும் வெங்காயமும் தட்டி வைத்த துவையல். எங்கள் வீட்டிலும் களி கிண்டுவோம். இந்த அளவுக்கு வழுவழுப்பாக எனக்கு வராது. தொட்டால் ஒட்டாத பதம். என் மகன் களியை மெல்லப் போனான். அந்த அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சாற்றில் புரட்டி விழுங்கச் சொல்லிக் காட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் ராகி. ஊடே அவரைக் கொடி. கதிர் வெளியே வந்து பச்சையாக நிற்கிறது. ஓரத்தில் ஒரு பெரிய மரம், அதன் கிளையில் மூங்கில் பரண், மேலே தார்ப்பாய். மகள் அதை விளையாட்டு வீடு என்று நினைத்து ஏறப்போனாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அது எங்க ராத்திரி ஊடு கண்ணு" என்றார்.

கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்காப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இந்தக் காடுகளுக்கு வரும் காலம் இது. அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் இருக்கும். ராகி முற்றி அறுவடையாகிற மாதங்களும் அவைதான். இந்தப் பக்கத்துக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரை 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2022 நவம்பரில் தெற்கே இன்னொரு 686 சதுர கிலோமீட்டர், காவிரி தெற்கு சரணாலயம். கர்நாடகப் பக்கத்துக் காடுகளோடு இவை தொடர்ச்சியாகக் கிடப்பதால் யானைகளுக்கு நடக்க வழி இருக்கிறது. அந்த வழியின் ஓரத்தில்தான் இந்த ஒன்றரை ஏக்கரும் இருக்கிறது. யானை நடந்த வழி பழையது, இந்த நிலமும் தலைமுறைகளாக உழுதது. யாரைப் போ என்று சொல்வது? பட்டியலில் 504 என்று படிக்கும்போது எனக்கு இது தோன்றியதில்லை. பரணுக்குக் கீழே நின்றபோதுதான் தோன்றியது.

தன் மகனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, வாரக் கடைசியில்தான் வருவான் என்றார் அந்த அம்மா. மற்ற நாளில் பரணில் அவரும் மருமகளும். தகர டப்பா, டார்ச் லைட், பட்டாசு. கீழே நெருப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். "தூங்குனா போச்சு. ஒரு சாமம் போதும் அதுங்களுக்கு" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் தருமபுரியில் கிலோ கணக்கில் வாங்கும் ராகி மாவுக்குள் இப்படிச் சில இரவுகள் இருக்கின்றன என்பதை நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். 'நாளான்னிக்கி' முடிச்சைக் கொடுத்தோம், அதை வாங்கிக்கொண்டார். மாமா மட்டும் நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அக்டோபர் 4, சனி: காட்டுக்குள்

2024 அக்டோபரில் மாநில அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் தமிழகம் முழுக்க 40 பாதைகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் குத்திராயன் சிகரமும் அய்யூர் சாமி ஏரியும். சிகரம் பிள்ளைகளுக்குக் கடினம் என்று ஏரிப் பாதையை எடுத்தோம். மாமாவைக் களி வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டு ஆறரை மணிக்குத் தொடங்கினோம். வழிகாட்ட வந்தவர்கள் இருவர், இரண்டு பேரும் பக்கத்து மலைக்குடியிருப்பு இளைஞர்கள். என் மகனின் சிவப்புச் சட்டையைப் பார்த்ததும் மூத்தவர் தன்னுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றி மேலே போட்டுவிட்டார். முழங்கால் வரை தொங்கியது. அவர் பனியனோடு நடந்தார். நான் மறுத்தேன், "எங்களுக்குப் பழக்கந்தான் அக்கா" என்றார்.

முதல் ஒரு மணி நேரம் உண்ணிச்செடிக்கு நடுவே. பூ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது படர்ந்த இடத்தில் அடியில் புல் முளைப்பதில்லை. யானை அதைத் தின்னாது. "காட்டுல தீனி கொறஞ்சா அது ஊருக்குத்தான் வரும்" என்றார் இளையவர், ஒரு கிளையை ஒடித்துப் போட்டபடி. அதற்கப்புறம் மூங்கில், பிறகு பெரிய மரங்கள். ஈரத்தில் காடு முழுக்கப் பச்சிலை வாசம்.

பாதையில் யானைச் சாணம் கிடந்தது. மூத்தவர் புறங்கையை அருகில் வைத்துச் சூடு பார்த்தார். "நேத்து ராத்திரி" என்றார். குச்சியால் பிரித்து மகளுக்குக் காட்டினார், மூங்கில் நார், புல், ஏதோ விதை. "இன்னும் ராகி இல்ல பாரு. கதிர் பால் புடிக்கட்டும், வாசன காட்டிடும். அப்புறம் இதுலயே ராகி இருக்கும்." மகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளியில் அறிவியல் என்றால் முகம் சுளிக்கிறவள்.

ஓடை ஒன்றைத் தாண்டும்போது என் ஷூவின் அடிப்பாகம் குதிகாலிலிருந்து பிளந்து வாயைத் திறந்தது. இளையவர் ஓரத்திலிருந்த கத்தாழை மடலைக் கீறி, கல்லில் தட்டி நார் எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தேன்கனிக்கோட்டை திரும்பும் வரைக்கும் அந்தக் கட்டு அவிழவில்லை.

ஏரிக்கு இன்னும் அரை மணி நேரம் என்றபோது மூத்தவர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு கிளை முறியும் சத்தம், வலது பக்கச் சரிவில். அவர் இடுப்பில் முடிந்திருந்த சாம்பலைக் கிள்ளிக் காற்றில் விட்டார். அது நேராகச் சரிவை நோக்கிப் போயிற்று. எங்கள் வாசனையும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "பெருசு இருக்கு. குட்டியும் இருக்கும்போல. திரும்பிரலாம்" என்றார், வாயசைவு மட்டும் தெரிகிற குரலில்.

என் கணவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். வந்த வழியில் போகாமல், பாறை மேலாகச் சுற்றி அழைத்துப் போனார்கள். பாறையிலிருந்து பார்த்தால் மூங்கில் நுனிகள் வரிசையாக அசைவது தெரிந்தது, ஒன்றன் பின் ஒன்றாக, ஏரி இருக்கும் திசைக்கு. ஒரு யானையின் முதுகுகூட எங்கள் கண்ணில் படவில்லை. நெஞ்சுக்குள் அதிர்கிற மாதிரி ஒரு தாழ்ந்த உறுமல் மட்டும் கேட்டது. என் கை வியர்த்துப் போயிருந்தது.

தூரமாக வந்த பிறகு மகன் கேட்டான், கொஞ்சம் காத்திருந்து ஏரியைப் பார்த்திருக்கலாமே என்று. மூத்தவர் குந்தி உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டபடி சொன்னார்: "நாம பாக்க வந்திருக்கோம் கண்ணு. அதுங்க தாகத்துக்கு வந்திருக்கு. யாருக்கு அவசரம், நீயே சொல்லு." அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஏரியைப் பற்றிப் பேசவும் இல்லை. பணம் கட்டி வந்தவர்களிடம் 'போகக் கூடாது' என்று சொல்ல அந்த இளைஞர்களுக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை. அதற்காகவே நான் அவர்களை மதிக்கிறேன்.

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். காலையில் பனி, பத்து மணிக்கு மண்டை பிளக்கும் வெயில், பதினொன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. திண்ணைக்கு வந்து சேர்ந்தபோது எல்லோர் தலையிலும் தண்ணீர் ஓடியது. மாமா அந்த அம்மாவோடு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஏதோ நிலப் பத்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாலை தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி கோவில். மூன்றாம் சனிக்கிழமை, கூட்டம் தெருவரைக்கும். நாமம் போட்ட சின்னப் பையன்கள் சொம்போடு "கோவிந்தா" என்று வரிசை வரிசையாகப் போனார்கள். மந்தாரை இலைத் தொன்னையில் புளியோதரை, கடலை நிறைய. ஒரு ஆள் தன் தொன்னையை என் மகனிடம் நீட்டி, "நான் இன்னொரு தடவ வரிசையில நின்னுக்கறேன், பையன் பசியா இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கரைந்துபோனார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு: மல்லசந்திரம், வீடு

எல்லோருக்கும் கால் வலி. கெலமங்கலம், உத்தனப்பள்ளி, சூளகிரி வழியாக வந்து, சாமல்பள்ளத்தில் நெடுஞ்சாலையை விட்டு மல்லசந்திரம் போனோம். மோரல் பாறை மேல் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடியாக வைத்த கல்திட்டைகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். ஒன்றிரண்டு இருக்கும் என்று நினைத்துப் போனால் பாறை நெடுகிலும் இருக்கின்றன. சிலவற்றின் முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. ஒன்றின் உள்ளே மங்கலான வெள்ளைக் கோடுகளில் வரைந்த உருவங்கள். ஓவியத்தைத் தொடக் கூடாது என்று மகள் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் இரும்புக்காலம் கி.மு. 2172 வரைக்கும் போகிறது என்று அகழாய்வில் தெரிந்து 2022-இல் அறிவித்தார்கள். அத்தனை பழமையான மண். இங்கேயோ பல கல்திட்டைகள் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கின்றன. புதையல் இருக்கும் என்று தோண்டிய குழிகள் தெளிவாகத் தெரிந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, எந்தப் பலகை ஆடுகிறது, எதன் அடியில் நிற்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். காவலுக்கு ஆள் யாரும் கண்ணில் படவில்லை, அவர்தான் இருந்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு வீடு. துணி ஊறப்போட்டு, ரசம் வைத்து முடிக்கும்போது மாமாவுக்குப் போன் வந்தது. களி வீட்டு அம்மாவின் மருமகள். நேற்று இரவு மழையில் நெருப்பு அணைந்திருக்கிறது. விடியற்காலை மூன்று யானைகள். பரணுக்குக் கீழேயே வந்து நின்றதால் இரண்டு பேரும் இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராகியில் பாதிக்கு மேல் போயிற்று. தின்றது கொஞ்சம், மிதித்ததுதான் அதிகம்.

என் மகன் முதலில் கேட்டது, "அதே யானைங்களாப்பா?" என்று. யாருக்கும் தெரியாது.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. அதற்கு வனத்துறை, வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை எல்லோரும் பார்த்துச் சொல்ல வேண்டும். சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பட்டா இன்னும் அந்த அம்மாவின் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. நேற்று திண்ணையில் பேசிக்கொண்டிருந்தது அதைத்தானாம். வாரிசுச் சான்று இல்லாமல் பெயர் மாற்ற முடியாது, பெயர் மாறாமல் மனு நிற்குமா என்று அவர்களுக்குப் பயம். மிதிபட்ட வயலை இன்றைக்கே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லி மாமா இரண்டு முறை போன் செய்துவிட்டார். என் கணவர் வெள்ளைத் தாளில் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள்.

நாளைக் காலை ஓசூர் பஸ்ஸில் மாமா கிளம்புகிறார். ராயக்கோட்டையில் இறங்கி கெலமங்கலம் வண்டி பிடித்தால் பதினொரு மணிக்குள் தேன்கனிக்கோட்டை தாலுகா ஆபீஸ் போய்விடலாம் என்று சொல்லிவிட்டு, பழைய நடத்துநர் தோல்பையைத் துடைத்து வைத்திருக்கிறார். வழிகாட்ட வந்த அந்தப் பிள்ளையின் ஸ்வெட்டர் எங்கள் பையிலேயே வந்துவிட்டது. துவைத்துப் போட்டிருக்கிறேன், காலைக்குள் காய வேண்டும்.